கெர்லிண்டே கண்ட பூட்ஸ்

குளிர்ந்த எதைத் திறந்தாலும் கெர்லிண்டே ஃபோஸ்பெர்க் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆய்வகத்தில் அதற்குக் காரணம் உண்டு. திரவ நைட்ரஜன் புகையும் கிண்ணத்துக்கு மேலே குனிந்து, பொட்டு அளவுள்ள செப்பு வலையை இடுக்கியால் எடுக்கும்போது ஒருமுறை மூச்சு விட்டால் போதும். மூச்சிலிருக்கும் ஈரம் உறைந்து வலைமேல் பொடியாக விழும். அன்றைய உழைப்பு பாழ். ஆனால் அங்காடியில் உறைந்த பட்டாணி எடுக்கக் குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கும்போதும் அவர் அப்படித்தான். கடைவீதியில் ஐஸ்கிரீம்காரர் கூம்பை நீட்டும்போதும் அப்படித்தான். வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி வந்த பிறகுதான் நன்றி என்று சொல்வார், அதுவும் காற்றிடம். ஐஸ்கிரீம்காரர் பல ஆண்டுகளாக அவரை ஒரு கர்வி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

வீப்கே ஹார்ம்ஸ் இதை முதலில் கவனித்தது இளங்கலை மாணவியாக ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று. பிறகு முதுகலை, பிறகு முனைவர் பட்டம் என்று ஆய்வகம் இருந்த அந்த நிலவறையிலேயே அவளுடைய இருபதுகள் கழிந்தன. கெர்லிண்டேயின் பழக்கம் மாறவில்லை. போதாததற்கு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. விடுமுறைக்கு வடகடல் ஓரத்திலிருந்த தன் ஊருக்குப் போனபோது, குளிர்பெட்டியைத் திறந்து விறைத்து நின்றவளிடம் அவள் அப்பா, "என்னம்மா, வெண்ணெயப் பாத்தா மூச்சு நின்னு போகுதா?" என்று கேட்டார். அவர் பால் லாரி ஓட்டுபவர். மகள் பல்கலைக்கழகத்தில் என்னதான் செய்கிறாள் என்று கேட்டு அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்னும் நாகரிகம் உள்ளவர்.

கேட்டிருந்தால் அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். புரதம் கலந்த நீரில் ஒரு சொட்டை வலையில் விட்டு, தாளால் ஒற்றி எடுத்து, நொடியில் திரவ ஈத்தேனில் முக்க வேண்டும். படிகமாக மாறுவதற்கு நீருக்கு அவகாசமே கொடுக்கக் கூடாது. அப்போதுதான் அது கண்ணாடி போல அப்படியே இறுகி நிற்கும். அதற்குள் புரதங்கள் மல்லாந்தும் குப்புறவும் பக்கவாட்டிலும் கிடக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரிவது சாம்பல் நிற மணல். எலக்ட்ரான் கற்றையைக் கூட்டினால் புரதம் கருகிவிடும். குறைத்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே ஒன்றும் தெரியாத படங்களை மலைமலையாக எடுத்து, ஒரே மாதிரி கிடப்பவற்றைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்ப்பார்கள். மணல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, உருவம் மிஞ்சும். ஒன்றும் தெரியாததை நிறையத் தடவை பார்ப்பதுதான் தொழில். அதில் அந்தப் பல்கலைக்கழக ஊரான கோட்டிங்கனிலேயே பெயர்பெற்ற கண் கெர்லிண்டேயுடையது.

அவர் கோட்டிங்கன்காரர் அல்ல. ரயிலில் ஏறி உட்கார்ந்து பையை மேலே வைப்பதற்குள் வந்துவிடும் நார்ட்ஹைமில் பிறந்தவர். கோட்டிங்கன்காரர்கள் இந்த வேறுபாட்டைக் கடைசிவரை மறக்கவில்லை. அப்பா ரயில்வேயில் சைகை காட்டியவர். வேதியியல் படித்துவிட்டு, எண்பதுகளின் இறுதியில் இந்த நிலவறைக்கு வந்தபோது, வலையை ஈத்தேனில் முக்குவதற்குக் கருவி எதுவும் விலைக்குக் கிடைக்காது. பட்டறையில் கிடந்த இரும்புத் தண்டையும் ஒரு பழைய விசையையும் வைத்து அவர்களே செய்துகொண்டார்கள். பார்க்கக் கழுத்து வெட்டும் கருவி போலவே இருக்கும். கெர்லிண்டே அதன் அருகில் நின்று எடுத்த படம் ஒன்று இன்றைக்கும் தாழ்வாரத்தில் தொங்குகிறது. கண்ணாடி, சீப்புக்கு அடங்காத முடி, பிடித்துவைத்த மூச்சால் சற்றே உப்பிய கன்னம்.

தொண்ணூறுகளில்தான் அவருடைய வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சி நடந்தது. சதுப்புநிலப் பாக்டீரியா ஒன்றில் உப்பை வெளியே தள்ளும் புரதம் ஒன்று உண்டு. அதன் வடிவம் யாருக்கும் தெரியாது. கெர்லிண்டே ஒளிமேசையில் படச்சுருள்களைப் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்க மணலைப் பார்த்தார். வசந்தம் வந்தபோது பூட்ஸ் தெரிந்தது. கணுக்கால், குதிகால், மூக்கு. மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் அச்சாக. அந்த வடிவில் இருப்பவற்றை மட்டும் பொறுக்கிச் சராசரி எடுத்தார். வந்தது பூட்ஸ்தான். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பூட்ஸைப் பொறுக்கினால் பூட்ஸ்தானே வரும் என்பதால்.

அதற்கப்புறம் பூட்ஸ் தன் காலிலேயே நடக்கத் தொடங்கியது. குதிகால் உயரும்போது உப்பு வெளியேறுகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. குதிகால் எப்படி உயர்கிறது என்று இன்னொன்று. ஆய்வகத் தலைவர் பேராசிரியர் அஸ்முஸனுக்கு அந்த நாற்காலியே பூட்ஸ் போட்ட பிச்சை. காபிக் கோப்பைகளில் பூட்ஸ். நிறுவனத்தின் கால்பந்து அணிக்குப் பூட்ஸ் என்றே பெயர், தோற்றாலும் பொருத்தமாக இருந்தது. கெர்லிண்டே மட்டும் பேராசிரியர் ஆகவில்லை. விண்ணப்பிக்கச் சொன்னபோதெல்லாம், "அப்புறம் நுண்ணோக்கிய யார் பாத்துக்குவா?" என்பார். பெருமை வேண்டாதவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்வதில் அவருக்கும் ஒரு பெருமை இருந்தது.

வீப்கே வந்த புதிதில் அவளை நுண்ணோக்கியின் திரைக்கு முன் உட்காரவைத்தார்.

"தெரியுதா?"

"எது?"

"பூட்ஸ். இதோ கணுக்கால். இங்க மூக்கு."

வீப்கே பார்த்தாள். மணல். அவள் குடும்பத்தில் டாக்டர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை, அவர் மாட்டு டாக்டராக இருந்தாலும். தனக்குத் தெரியாதது அங்கே இல்லாததாலா, தான் பால் லாரிக்காரர் மகள் என்பதாலா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"தெரியுது," என்றாள்.

"பாத்தியா. எல்லாருக்கும் மாசக்கணக்கா ஆகும். உனக்கு நல்ல கண்ணு."

பொய் சொன்னதற்கு அவள் கொஞ்ச நாள் வருந்தினாள். பிறகு வருந்தத் தேவையில்லாமல் போயிற்று. சில வாரங்களில் அவளுக்கு நிஜமாகவே பூட்ஸ் தெரியத் தொடங்கியது. திரையில் தெரிந்தது, காபிக் கறையில் தெரிந்தது, வாடகை அறையின் ஈரம் படிந்த கூரையிலும் ஒன்று தெரிந்தது. தான் படித்தவளாகிவிட்டோம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

இதற்கிடையே உலகம் மாறிவிட்டது. படச்சுருள் போய் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணும் படக்கருவி வந்தது. ஊரெல்லாம் புரதங்களை அணு அணுவாக வரையத் தொடங்கினார்கள். இனி பூட்ஸின் தையல்கூடத் தெரியும் என்றார் அஸ்முஸன். அந்த வேலைதான் வீப்கேயின் முனைவர் பட்டத்துக்கு. கணினிக்கு கெர்லிண்டேயின் பழைய பூட்ஸை மாதிரியாகக் கொடுத்துவிட வேண்டும். அது படங்களுக்குள் பூட்ஸைத் தேடிப் பொறுக்கி அடுக்கித் தரும். வீப்கே கொடுத்தாள். கணினி லட்சக்கணக்கில் பொறுக்கியது. தையல் தெரியவில்லை. படங்கள் கூடக்கூட பூட்ஸைச் சுற்றி மெல்லிய முட்கள் நீட்டிக்கொண்டு நின்றன. பூட்ஸுக்கு முடி முளைத்துவிட்டது.

ஆய்வகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவன் வோல்கான். பக்கத்து ஊர் ரொட்டிக்கடைக்காரரின் மகன். வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் ஏறியவன் என்பதில் வீப்கேக்கு ஜோடி. மாணவர் உணவகத்தில் தட்டுடன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"உன் பூட்ஸ் சவரம் பண்ணிக்கலியா இன்னும்?"

"படம் போதல. இன்னும் எடுக்கணும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. அவனவன் ரெண்டு வாரத்துல அணுவ எண்ணிட்டுப் போறான். உனக்கு மயிருதான் வளருது."

"குதிகால் அசையுதாம். அதனாலதான் மங்கலா வருதுன்னு கெர்லிண்டே சொல்றாங்க."

"சரி, குதிகால் அசையுது. மூக்கு ஏன் மங்கலா இருக்கு? சளியா?"

வீப்கே உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு பண்ணுவோம்," என்றான் அவன். "புரதமே போடாத வல ஒண்ணு வச்சிருப்பியே, கருவிய சரிபாக்கறதுக்கு. வெறும் பனி. அந்தப் படத்தையெல்லாம் எனக்கு அனுப்பு."

"அதுல ஒண்ணும் இருக்காதே."

"அதான் வேணும்."

அவன் அந்த வெறும் பனியை எடுத்து, பூட்ஸை மாதிரியாகக் கொடுத்து, கணினியைத் தேடச் சொன்னான். இரண்டு நாள் கழித்து வீப்கேயைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். அங்கே ஒரு பூட்ஸ் இருந்தது. கணுக்கால், குதிகால், மூக்கு எல்லாம் இருந்தன. உண்மையான பூட்ஸைவிட முடி கொஞ்சம் குறைவாகவும் இருந்தது.

"ஒண்ணுமே இல்லாத எடத்துல ஒன்னோடதவிட நல்லா வந்திருக்கு," என்றான் வோல்கான். அவன் குரலில் கேலி இல்லை.

புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. பூட்ஸைத் தேடு என்று சொல்லிவிட்டால் கணினி ஒவ்வொரு பிடி மணலையும் இப்படியும் அப்படியும் திருப்பி, எந்தப் பக்கம் பூட்ஸின் சாயல் கொஞ்சம் கூடுதலோ அந்தப் பக்கமாக வைக்கும். அப்படி லட்சம் சாயலை அடுக்கினால் சாயல் உருவமாகிவிடும். சொல்லிக்கொடுத்ததைத் தவறாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளை அது. பிறகு வோல்கான் எந்த மாதிரியும் கொடுக்காமல், நீயே பார்த்துச் சொல் என்று வீப்கேயின் படங்களைக் கணினியிடம் விட்டான். அது ஒரு வளையத்தை வரைந்தது. உள்பக்கம் பற்கள் வைத்த, கனமான வளையம். படங்களைக் கூட்டக்கூட அது தெளிந்துகொண்டே போனது. புரதச் சங்கிலிகளின் சுருள்கள் சுழல்படிக்கட்டுக் கம்பி போலத் திரையில் எழுந்து நின்றன. அதற்கு முடி முளைக்கவில்லை.

அந்தக் கோடையில் கெர்லிண்டே ஓய்வுபெற இருந்தார். விழாவுக்கு மண்டபம் சொல்லியாயிற்று. வெண்கலத்தில் ஒரு பூட்ஸ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனுஷியின் முப்பது வருடக் கண் இப்போது வீப்கேயின் கையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தால் உடைந்த கண்ணாகத்தான் கொடுக்க முடியும்.

"நீ போய்ச் சொல்லேன்," என்றாள் வோல்கானிடம்.

"நான் கம்ப்யூட்டர்காரன். வாயத் தொறந்தாலே, நீ என்னைக்காவது ஒரு வலைய முக்கியிருக்கியாம்பாங்க. உனக்குத்தான் நல்ல கண்ணு. நீ சொல்லு."

அடுத்த சில நாட்கள் வீப்கே தன்னைத்தானே விசாரித்துக்கொண்டாள். சொல்லத் தோன்றுவது உண்மைக்காகவா, முதன்முதலாக ஒரு டாக்டரை மறுத்துப் பேசும் ஆசையாலா. சொல்லாமல் இருப்பது இரக்கமா, தன் ஆய்வு ஒப்பந்தம் முடிவதற்குள் பூட்ஸை வைத்தே பட்டத்தை வாங்கிவிடலாம் என்ற கணக்கா. விடை கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே ஒரு வியாழக்கிழமை காலை நுண்ணோக்கி அறைக்குப் போய், கெர்லிண்டேயின் மேசையில் இரண்டு படங்களையும் வைத்தாள். ஒன்று வெறும் பனியில் வந்த பூட்ஸ். இன்னொன்று வளையம். எது எப்படி வந்தது என்று சொன்னாள்.

கெர்லிண்டே முதல் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் ஏமாந்திருக்கு," என்றார். "அது ஏமாறும். அதுக்குக் கண்ணா இருக்கு?"

"இருக்கலாம். ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். புரதம் போட்ட படத்தையும் வெறும் பனிப் படத்தையும் கலந்து கொண்டா. எது எதுன்னு எங்கிட்ட சொல்லாத. நான் கண்ணால பொறுக்கறேன். மாதிரி, கீதிரி எதுவும் வேணாம்."

வீப்கே சரிபாதியாகக் கலந்து கொடுத்தாள். கெர்லிண்டே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மதிய உணவுக்கு எழவில்லை. பன்றி இறைச்சியும் வெங்காயமும் வைத்த ரொட்டியை வீப்கே வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள், அது காய்ந்தது. சொடுக்கு, சொடுக்கு என்று பூட்ஸ்களின் மேல் குறி விழுந்துகொண்டே இருந்தது. தயக்கமே இல்லாத கை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீப்கேக்கு, ஒருவேளை வோல்கானும் தானும்தான் தவறோ என்று திரும்பவும் சந்தேகம் வந்தது. அப்படித் தவறாக இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் தோன்றியது.

மாலையில் கெர்லிண்டே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எண்ணிச் சொல்லு."

வீப்கே எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"சொல்லு, பொண்ணே."

"வெறும் பனியிலதான் கூடுதலா கெடச்சிருக்கு."

கெர்லிண்டே கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார்.

"காலியா இருந்தா எடம் தாராளமா இருக்கும்ல," என்றார்.

பிறகு இரண்டாவது படத்தைக் கையில் எடுத்தார். வளையத்தை விரலால் ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு வளையம் நிமிர்ந்தும் இன்னொன்று படுத்தும் ஒட்டிக்கிடந்தால் தூரத்தில் பூட்ஸ் மாதிரி தெரியும்தான் என்று முணுமுணுத்தார். அதைத் தொடரவில்லை.

"இது ஹென்னிங்கோட வளையம்," என்றார்.

"யாரு?"

"ஹென்னிங் ப்ரோடர்ஸன். தொண்ணூறு கடைசில எங்கிட்ட இருந்தான். நீ உக்காந்திருக்கிற அதே நாற்காலி. வந்த அன்னைக்கே, எனக்குப் பூட்ஸ் தெரியல, வளையம் தெரியுதுன்னான். கண்ணு பழகலடா, பழகிடும்னேன். ஒரு வருஷம் கழிச்சும் வளையம்னான். தடிச்ச வளையம், உள்ள பல்லு இருக்குன்னான். உனக்கு இந்தத் தொழிலுக்கான கண்ணே இல்ல, வேற ஏதாச்சும் பாருன்னு சொல்லிட்டேன். மரியாதையாத்தான் சொன்னேன். காபி குடுத்து, உக்கார வச்சு."

"போயிட்டாரா?"

"போயிட்டான். அழக்கூட இல்ல. நன்றி சொல்லிட்டுப் போனான், மடையன். இப்ப காஸெல்ல சமையலறை போட்டுக் குடுக்கறான். என் தங்கச்சி வீட்டுல அவன்தான் போட்டான். எல்லா இழுப்பறையும் விரல் வச்சா மூடிக்கும்."

படத்தை மேசைமேல் வைத்து அதன் ஓரத்தை நேராக்கினார்.

"அவனுக்குச் சொல்லணும்," என்றார் கெர்லிண்டே. "நீ பாத்தது சரிடான்னு. அத நாந்தான் சொல்லணும்."

மறுநாள் அவரே அஸ்முஸனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். பேராசிரியரின் முகத்தில் முதலில் ரத்தமே இல்லை என்று செயலாளர் பிறகு சொன்னார். நடந்துகொண்டிருந்த இரண்டு திட்டங்களும் பூட்ஸின் பெயரில் இருந்தன. ஆனால் அஸ்முஸன் லேசுப்பட்ட ஆள் அல்ல. வார இறுதிக்குள் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. கோடை மாநாட்டில் அவர் பேச இருந்த உரைக்குப் புதுத் தலைப்பு வந்தது: பூட்ஸிலிருந்து வளையத்துக்கு, நேர்மையின் ஒரு பயணம். தன் தவறைத் தானே கண்ணால் சோதித்து ஒப்புக்கொண்ட பெண்மணி என்று அந்த உரையில் கெர்லிண்டேக்குப் பெரிய இடம். கெர்லிண்டேயும் மேடையேறித் தன் தவறைத் தன் வாயாலேயே சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பூட்ஸுக்குக் கிடைத்ததைவிட, பூட்ஸ் இல்லை என்பதற்கு அதிகமாகவே கிடைத்தது. ஓய்வு விழாவில் வெண்கலப் பூட்ஸையும் கொடுத்துவிட்டார்கள், வார்த்தாகிவிட்டதே என்று. அவர் அதைப் பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்தார்.

கட்டுரையை வீப்கே எழுதினாள். முடிவில் நன்றி சொல்லும் பகுதியில் ஒரு வரி சேர்த்தாள்: இந்த வளையத்தை முதலில் கண்டவர் ஹென்னிங் ப்ரோடர்ஸன். அச்சுக்கு அனுப்புமுன் கெர்லிண்டேயிடம் படிக்கக் கொடுத்தாள். அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இத எடுத்துடு."

"ஏன்? உண்மைதானே?"

"உண்மைதான். அதுக்காக அவன் இத ஒரு பத்திரிகையில படிச்சா தெரிஞ்சுக்கணும்? அவ்வளவு கேவலமாவா? நான் நேர்ல போய்ச் சொல்றேன். அதுக்கப்புறம் அடுத்த கட்டுரையில போட்டுக்கோ. எத்தன கட்டுரை எழுதப்போற நீ."

அதில் ஒரு நியாயம் இருந்தது. மனிதருக்கு மனிதர் நேரே சொல்ல வேண்டிய விஷயம்தான். வீப்கே வரியை எடுத்துவிட்டாள். அவள் அதை எடுத்த இடத்தில் அஸ்முஸன் இன்னொரு வரியைச் சேர்த்தார்: கெர்லிண்டேயின் பங்களிப்பைப் போற்றும் வகையில் இவ்வடிவத்தை ஃபோஸ்பெர்க் வளையம் என்று அழைக்க முன்மொழிகிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் வளையத்தைப் பார்க்க மறுத்தவரின் பெயர் வளையத்துக்கு வந்தது. பாடப்புத்தகம் ஒன்றிலும் ஏறிவிட்டது. கெர்லிண்டே வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் எதையும் வேண்டாம் என்பவர் என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே யாரும் பொருட்படுத்தவில்லை.

வீப்கே முனைவரானாள். ஊர் வழக்கப்படி நண்பர்கள் அட்டையில் ஒரு விநோதத் தொப்பி செய்து தலையில் கவிழ்த்து, கைவண்டியில் அவளை ஏற்றி, சந்தைத் திடலிலிருக்கும் வாத்துக்காரச் சிறுமியின் சிலைக்கு இழுத்துப்போனார்கள். புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் ஏறி அந்தச் சிலையை முத்தமிட வேண்டும். வண்டியின் ஒரு பக்கக் கயிற்றை கெர்லிண்டே பிடித்திருந்தார். அவள் அப்பா பின்னால் நடந்துவந்தார், வேறு யாருடைய மகளுக்கோ கல்யாணம் என்பது போல ஒதுங்கி.

"காஸெல் போனீங்களா?" என்று வண்டிக்குள்ளிருந்து குனிந்து கேட்டாள் வீப்கே.

"இன்னைக்கா அதப் பேசறது, டாக்டரம்மா? இன்னைக்கு உன் நாளு. கெட்டியாப் புடிச்சுக்கோ, கல்லு பாவின தெரு."

பிறகு வந்த நாட்களிலும் காஸெல் தூரமாகவே இருந்தது. விரைவு ரயிலில் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர். முதலில் அவர் முழங்கால் சரியில்லை. பிறகு கிறிஸ்துமஸ் நெருங்கியது. பண்டிகை நேரத்தில் போய் ஒருவனின் மனதைக் கிளறக் கூடாது. பிறகு, கட்டுரையின் பரபரப்பு ஆறியபின் சொன்னால்தான் பெருமையடிப்பதாகத் தோன்றாது என்றார். பழைய ஊர்மதிலின் மேலுள்ள நடைபாதையில் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதுண்டு. அங்கே ஒருநாள் வீப்கே விடாமல் கேட்டாள்.

"போன்லயாவது சொல்லலாமே?"

"போன்ல சொல்ற விஷயமா இது? அவன் வாழ்க்கைய மாத்தினவ நான்."

"அதனாலதான் சொல்றேன்."

"என்ன சொல்லணும்னு தெளிவா இருக்கு. ஒரே வாக்கியம்தான். ஆனா அதுக்கு முன்னால என்ன சொல்றது? வணக்கம் ஹென்னிங், வியாபாரம் எப்படிப் போகுதுன்னா?" என்றார் கெர்லிண்டே. "வெறும் பனியில பூட்ஸ் கண்டுபிடிக்கத் தெரியுது. இது தெரியல பாரு."

அவர் கோழை அல்ல. அரங்கம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் தன் தவறைச் சொன்னவர். ஆயிரம் பேரிடம் சொல்வது எளிது, அவர்களில் யாருக்கும் அவர் எதுவும் செய்யவில்லையே என்று வீப்கே நினைத்துக்கொண்டாள். நினைத்ததைச் சொல்லவில்லை. தான் மட்டும் என்ன செய்துவிட்டோம் என்றும் அடுத்த நிமிடமே நினைத்தாள். அதன்பின் இரண்டு கட்டுரைகள் எழுதியாயிற்று. அந்த வரி இன்னும் அவளுடைய கணினியில்தான் இருந்தது.

ஒரு பிப்ரவரி மாதக் காலையில், மாடிப்படியில் இறங்கும்போது கெர்லிண்டேயின் இதயம் நின்றது. வலி தெரிந்திருக்காது என்றார்கள்.

நார்ட்ஹைம் கல்லறையில் அடக்கம் முடிந்து, எதிரிலிருந்த உணவுவிடுதியில் எல்லோரும் காபிக்கும் வெண்ணெய்க் கேக்குக்கும் கூடினார்கள். கல்லறையருகே அஸ்முஸன் பேசியிருந்தார். கெர்லிண்டேயின் கூர்மையான கண் பற்றிப் பேசினார், வளையம் பற்றியும் பேசினார். வீப்கே சுவரோரமாகத் தட்டுடன் நின்றுகொண்டிருந்தபோது, உயரமான, காதோரம் நரைத்த ஒருவர் ஈரக் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, தெரிந்த முகம் இல்லாததால் அவளிடம் வந்தார்.

"சாலையில நெரிசல். அடக்கத்துக்கு வந்து சேர முடியல," என்றார். "நான் ப்ரோடர்ஸன். ஹென்னிங். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்," என்றாள் வீப்கே.

"அப்படியா?" அவர் முகம் மலர்ந்தது. "என்னப் பத்திப் பேசியிருக்காங்களா?"

"அடிக்கடி."

"என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். மோசமான மாணவன் நான். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்." சிரித்தார். "ஆனா ஒண்ணு. மொகத்துக்கு நேரா உண்மையச் சொன்னவங்க அவங்க ஒருத்தர்தான். வேற யாராவதுன்னா ஒப்பந்தத்த நீட்டி நீட்டி என்னப் பத்து வருஷம் அலைய விட்டிருப்பாங்க. இப்ப எங்கிட்ட எட்டுப் பேரு வேல செய்யறாங்க. அந்த நன்றிக்குத்தான் வந்தேன். உயிரோட இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கணும். தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

வீப்கே கேக்கை விழுங்கினாள். தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"நீங்க பாத்தீங்களே ஒரு வளையம், அது..."

"ஐயோ, அத விடுங்க." அவர் காது சிவந்தது. கையை உயர்த்தி மறித்தார். "இன்னுமா அதச் சொல்லிச் சிரிக்கறாங்க அங்க?"

"இல்ல, சிரிக்கல. அது வந்து..."

"பரவால்ல. சிரிக்கற விஷயம்தானே. எங்க வீட்டுலகூட நானே சொல்லிச் சிரிப்பேன்."

அதற்குள் கெர்லிண்டேயின் தங்கை கூட்டத்தைத் தாண்டிக் கையசைத்தார். ஹென்னிங்கை அடையாளம் கண்டுகொண்டு, அழுத கண்களோடு வந்து அவர் கையைப் பிடித்தார். சமையலறையைப் பற்றி ஏதோ கேட்டார். ஒரு கதவு இப்போதெல்லாம் சரியாக மூடவில்லையாம். ஹென்னிங் உடனே தீவிரமாகிவிட்டார்; கீல் தளர்ந்திருக்கும், இன்றைக்கே போகும் வழியில் பார்த்துவிடுகிறேன் என்றார். வீப்கேயிடம் அவசரமாகத் தலையசைத்துவிட்டு, அந்த அம்மாளுக்குக் குடை பிடித்தபடி மழையில் காரை நோக்கி நடந்தார்.

வீப்கே வாசல்வரை ஓடினாள். கார் திரும்பிவிட்டது. அந்த ஒற்றை வாக்கியத்தை அவருக்குச் சொல்ல வேண்டியவர் எதிரே புதுமண்ணுக்கு அடியில் இருந்தார்.